க்ராய்டனில் இருந்து சட்டன், கிங்ஸ்டன் கிராமர் ஸ்கூல் தேர்வு: எங்கே, எப்படிப் பதிவது?

கேள்வி: க்ராய்டன்வாசி

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு இப்போ இயர் 5 (ஆரம்பப் பள்ளியோட கடைசிக்கு முந்தின வருஷம்) படிக்கிறா. க்ராய்டன்ல கிராமர் ஸ்கூல் (தேர்வு வச்சுச் சேர்க்கற அரசுப் பள்ளி) எதுவும் இல்லைங்கறதால, பக்கத்துல சட்டன்ல இருக்கற நான்சச், வாலிங்டன் கேர்ள்ஸ் ரெண்டுக்கும், முடிஞ்சா கிங்ஸ்டன்ல டிஃபின் கேர்ள்ஸுக்கும் எழுத வைக்கலாம்னு இருக்கோம். ஊர்ல இருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு, இந்த ஊர் நடைமுறை இன்னும் பிடிபடலை.

சட்டன்ல "செட்"னு ஒரு பொதுத் தேர்வு இருக்காமே, அதுக்கு ஒவ்வொரு ஸ்கூலுக்கும் தனி ஃபார்ம் போடணுமா? அதைப் போட்டுட்டா அதுவே அட்மிஷனுக்கு விண்ணப்பிச்ச மாதிரி ஆயிடுமா? நாங்க இருக்கறது க்ராய்டன் கவுன்சில், ஸ்கூல் இருக்கறது சட்டன், கிங்ஸ்டன். அப்போ எந்தக் கவுன்சில்கிட்ட போகணும்?

இன்னொண்ணு. பாஸ்போர்ட்ல பொண்ணு பேரு முதல்லயும் அப்பா பேரு சர்நேமாவும் இருக்கு. ஸ்கூல் ரிக்கார்டுல அது அப்படியே தலைகீழா ஏறிக் கிடக்கு. இதனால ஏதாவது சிக்கல் வருமா?

டியூஷன், புக்கு பத்தியெல்லாம் வேண்டாம். பதிவு பத்தி மட்டும் விவரமா சொன்னா புண்ணியமாப் போகும்.

---

பதில்: வடலி

முதல்ல ஒண்டைப் பிரிச்சு விளங்கிக்கொள்ளுங்கோ. சோதனைக்குப் பதியிறது வேற, பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பிக்கிறது வேற. சோதனைப் பதிவு பள்ளிக்கூடத்தோட, இயர் 5 முடியிற கோடையில. விண்ணப்பம் நீங்கள் வரி கட்டுற கவுன்சிலோட, இயர் 6 துவங்கின பிறகு, ஒக்டோபர் 31க்கு முதல். கனபேர் இடறி விழுறது இந்த ரெண்டுக்கும் நடுவிலதான். பிள்ளை சோதனையில முன்னுக்கு வந்திருந்தாலும், கவுன்சில் விண்ணப்பத்தில அந்தப் பள்ளிக்கூடத்தின்ர பேர் எழுதியிராட்டி இடம் அறிவிக்கிற நாளான மார்ச் 1 அன்று அங்கயிருந்து இடம் வராது. "பாஸ் பண்ணினவள்தானே, தாங்கோவன்" எண்டு பேந்து போய்க் கேக்கிறதில பிரயோசனமில்லை.

உங்கட கேள்விக்கு வாறன். செட் எண்டது சட்டன்ல உள்ள அஞ்சு கிராமர் பள்ளிக்கூடத்துக்கும் பொதுவான முதற்கட்டம். பெண்பிள்ளையளுக்கு நொன்சச், வொலிங்டன் கேர்ள்ஸ். பெடியளுக்கு வில்சன்ஸ், சட்டன் கிராமர், வொலிங்டன் கவுன்டி. ஒருக்காப் பதிஞ்சு ஒருக்கா எழுதினாக் காணும். படிவத்தில எந்தெந்தப் பள்ளிக்கூடத்துக்கு முடிவு போகவேணும் எண்டு தெரிவு செய்யிற இடம் இருக்கு. ரெண்டையும் அடையாளம் போடுங்கோ. ஒண்டை மட்டும் போட்டிட்டுப் பிறகு மற்றதையும் யோசிக்கிறவை, பதிவு பூட்ட முதல் பள்ளிக்கூடத்துக்கு எழுதித்தான் மாத்தவேணும். ரெண்டு பள்ளிக்கூடம் எண்டுபோட்டு ரெண்டு தரம் பதியாதேங்கோ. ஒரே பிள்ளை ரெண்டு பிள்ளையாத் தெரியும், பிறகு அதைச் சீர்செய்யிற வேலை உங்களுக்குத்தான்.

செட்டில கணக்கும் இங்கிலீசும், ரெண்டும் விடை தெரிவு செய்யிற மாதிரி. அதில தேறினவைக்குத்தான் ரெண்டாம் கட்டம். நொன்சச்சும் வொலிங்டன் கேர்ள்ஸும் அந்த ரெண்டாம் கட்டத்தையும் சேர்ந்தே வைக்கினம். அழைப்பு மின்னஞ்சலில வரும், இடையில நாள் அதிகம் இராது. செட் தேறினது எண்டால் இடம் கிடைச்ச மாதிரி இல்லை. அடுத்த கட்டம் எழுத விடுவினம், அவ்வளவுதான்.

டிஃபின் கேர்ள்ஸ் முழுக்க வேற கதை. சட்டன் பதிவு அங்க செல்லாது. அவையின்ர தளத்தில தனியப் பதியவேணும், சோதனை வேற, ரெண்டு கட்டம் வேற, திகதியளும் வேற. எல்லாத் திகதியையும் ஒரு தாளில எழுதிப்போட்டு ஒண்டோடொண்டு முட்டுதோ எண்டு பாருங்கோ. அதைவிட முக்கியம், அங்க முன்னுரிமைப் பகுதி எண்டு போஸ்ட்கோட் பட்டியல் ஒண்டு இருக்கு. பதிய முதல் உங்கட போஸ்ட்கோட் அதுக்குள்ள வருதோ பாருங்கோ. வராட்டி பிள்ளை எவ்வளவு புள்ளி எடுத்தாலும் பகுதிக்குள்ள இருக்கிற பிள்ளையளுக்குப் பின்னாலதான். அந்த நிலையில ஒரு சோதனைக்காக இன்னும் ரெண்டு நாளைப் பிள்ளையிட்ட இருந்து பறிக்கிறது தேவையோ எண்டு யோசியுங்கோ. நான் எண்டால் விட்டிடுவன்.

காலக்கெடு: சட்டன்ல வழமையா மே மாதத்தில திறந்து ஆகஸ்ட் தொடக்கத்தில பூட்டுவினம். ஆனா இதை வச்சு மற்ற இடங்களை அளக்காதேங்கோ. கென்டில ஜூன் துவக்கத்தில திறந்து ஜூலை 1 அளவில முடிஞ்சிடும். பக்கிங்ஹாம்ஷயரில உள்ள அரச ஆரம்பப் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குப் பதிவு தானா நடக்கும். வெளியில இருந்து வாறவை தாங்களாப் பதியவேணும். "என்ர மச்சாள் ஒண்டும் பதியேல்லை, பிள்ளை எழுதினது" எண்டு ஆரும் சொன்னா, அவ எந்தக் கவுண்டி எண்டு கேளுங்கோ. பிந்தின பதிவைப் பெரும்பாலும் எடுக்கமாட்டினம், ஒரு மணித்தியாலம் பிந்தினாலும்.

கடைசியா, அரச கிராமர் பள்ளிக்கூடச் சோதனைக்குக் காசு இல்லை. எங்கயாவது காட் நம்பர் கேட்டா நீங்கள் பதியிறது மொக் சோதனைக்கு (பழகிறதுக்கு எழுதிற மாதிரிச் சோதனை), இல்லாட்டி கட்டணம் வாங்கிற தனியார் பள்ளிக்கூடத்துக்கு. "சட்டன் மொக்" எண்டு காசு கட்டி ரசீதும் வாங்கி வச்சுக்கொண்டு, பதிஞ்சாச்சு எண்டு நிம்மதியா இருக்கிற ஆக்கள் ஒவ்வொரு வருசமும் இருக்கினம்.

---

பதில்: காவிரிக்கரை

வடலி அண்ணன் சொன்னது எல்லாம் சரி. நான் பேர் விஷயத்துக்கு மட்டும் வர்றேன், ஏன்னா நம்ம ஆளுங்களுக்குன்னே இருக்கற தலைவலி இது.

என்ன நடக்குதுன்னா, தேர்வு மார்க் ஸ்கூல்கிட்ட இருக்கு. விண்ணப்பப் பட்டியல் கவுன்சில்ல இருந்து ஸ்கூலுக்கு வருது. பேரு, பிறந்த தேதி, முகவரி இதையெல்லாம் வச்சு ரெண்டையும் பொருத்தறாங்க. ஒரு பக்கம் "கயல்விழி முருகேசன்", இன்னொரு பக்கம் "முருகேசன் கயல்விழி"ன்னு இருந்தா பொருந்தாம தனியா விழும். யாராவது உட்கார்ந்து கையால தேடிச் சேர்க்கணும். பெரும்பாலும் சேர்த்துடுவாங்கதான், ஆனா ஆயிரக்கணக்கான பேர் எழுதற தேர்வுல நம்ம பிள்ளை பேரை அந்த "பெரும்பாலும்"ல ஏன் விடணும்?

அதனால முதல் வேலை, பதிவு திறக்கறதுக்கு முன்னாடியே இப்ப படிக்கற ஸ்கூல் ஆபீசுக்குப் பாஸ்போர்ட்டை எடுத்துட்டுப் போய் ரிக்கார்டைத் திருத்தச் சொல்லுங்க. ஃபோன்ல சொன்னா எழுத்துப்பிழையோட ஏத்துவாங்க, நேர்லயே போங்க. திருத்தின பிறகு ஒரு பிரிண்ட் கேட்டு வாங்கிப் பாருங்க. அப்புறம் செட் ஃபார்ம், டிஃபின் ஃபார்ம், கவுன்சில் விண்ணப்பம் மூணுலயும் எழுத்துக்கு எழுத்து அதே பேர். ஒண்ணுல "விழி"க்கு இசட் ஹெச், இன்னொண்ணுல எல்னு போடறது வேண்டாம். வீட்டுல கூப்பிடற பேரை எங்கயும் போடாதீங்க.

சர்நேமே இல்லாத பாஸ்போர்ட்டும் நம்மகிட்ட நிறைய. ஆன்லைன் ஃபார்ம் அந்தக் கட்டத்தைக் காலியா விடாது. புள்ளி, கோடுன்னு எதையாவது போட்டு அடுத்த பக்கம் போறாங்க. அதுதான் பின்னாடி வினையாகுது. ஸ்கூல் ரிக்கார்டுல என்ன சர்நேம்னு ஏத்தியிருக்காங்களோ அதையே எல்லா இடத்துலயும் போடுங்க, ஸ்கூலுக்கு ஒரு மெயில்ல பாஸ்போர்ட் இப்படித்தான் இருக்குன்னு எழுதி வச்சிடுங்க. அம்மா, அப்பா, பிள்ளை மூணு பேருக்கும் மூணு சர்நேம் இருக்கறது இங்க பிரச்சனை இல்லை. விண்ணப்பத்துல யார் பேர்ல கணக்குத் திறக்கறீங்களோ, அவங்க பேர்ல கவுன்சில் டாக்ஸ் பில் இருந்தா முகவரி சரிபார்க்கறது சுலபம், அவ்வளவுதான்.

ஃபார்ம் போடறப்போ பக்கத்துல வச்சிருக்க வேண்டியது: பிள்ளையோட பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ, ஃபைலா, சமீபத்துல எடுத்தது (கேக்கற ஸ்கூல் கேக்கும், தேர்வு அன்னிக்கு வாசல்ல முகத்தோட ஒத்துப் பார்க்க), கவுன்சில் டாக்ஸ் பில், இப்ப படிக்கற ஸ்கூல் பேரும் முகவரியும். மெயில் ஐடி ரெண்டு பேரும் பார்க்கறதா ஒண்ணு கொடுங்க. ஆபீஸ் மெயில் வேண்டாம், வேலை மாறினா போச்சு. அனுப்பினதும் உறுதி மெயில் வரணும், அதுல ஒரு எண் இருக்கும். வரலைன்னா ஸ்பாம்ல பாருங்க. அங்கயும் இல்லைன்னா ஃபார்ம் பாதியில நின்னிருக்கு. "சேமி" அழுத்திட்டு "சமர்ப்பி" அழுத்தாம மூடறதுதான் இதுல வழக்கமா நடக்கற கூத்து.

எந்தக் கவுன்சில்னு கேட்டீங்க. க்ராய்டன் மட்டும்தான். ஸ்கூல் எந்த ஊர்ல இருந்தாலும் நீங்க குடியிருக்கற கவுன்சில் வழியாத்தான் விண்ணப்பம். லண்டன் முழுக்க ஈ-அட்மிஷன்ஸ்ங்கற ஒரே தளம், செப்டம்பர் 1 திறக்கும், 6 ஸ்கூல் வரைக்கும் வரிசைப்படுத்தலாம். சட்டனுக்கும் கிங்ஸ்டனுக்கும் க்ராய்டனே அனுப்பிடும்.

---

பதில்: தேன்சிட்டு

6 ஸ்கூல் போடலாம்னாலும் கிராமரை மட்டும் போடுங்க சிஸ்டர். வேற ஸ்கூல் பேர் போட்டா கிராமர்காரங்க நமக்கு அக்கறை இல்லைன்னு நினைப்பாங்க. எந்த ஸ்கூல் வேணுமோ அதை முதல்ல போடலைன்னா அவங்க சேர்க்க மாட்டாங்கன்னும் கேள்விப்பட்டேன்.

---

பதில்: வடலி

தேன்சிட்டு, ரெண்டும் பிழை. நீங்கள் எத்தினையாவதாப் போட்டனீங்கள் எண்டது பள்ளிக்கூடத்துக்குத் தெரியவே வராது. ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தன்ர விதிப்படி விண்ணப்பிச்ச பிள்ளையளை வரிசைப்படுத்திக் கவுன்சிலுக்கு அனுப்பும். ரெண்டு மூண்டு இடத்தில பிள்ளைக்கு இடம் வருது எண்டால் மட்டும்தான் கவுன்சில் உங்கட வரிசையைப் பாக்கும். அதில ஆக மேல உள்ளதைத் தந்திட்டு மற்றதுகளை விடுவிக்கும். அதால உண்மையா விரும்புற வரிசையிலயே போடவேணும். "நொன்சச் கஷ்டம், வொலிங்டன் லேசு" எண்டு கணக்குப் பாத்து லேசானதை மேல போட்டா, ரெண்டும் கிடைக்கக்கூடிய பிள்ளைக்கு விருப்பமில்லாதது கையில வரும்.

கிராமரை மட்டும் போடுறதுதான் இதிலும் மோசம். ஒண்டிலயும் இடம் வராட்டி, கவுன்சில் எங்க வெறும் கதிரை இருக்கோ அங்க போடும். வீட்டுக்குக் கிட்ட இருக்கிற நல்ல பொதுப் பள்ளிக்கூடம் அதுக்கிடையில நிரம்பிப் போயிருக்கும், ஏனெண்டா அதைக் கேட்டவைக்குத்தான் முதல் இடம். க்ராய்டன்காரருக்குச் சொல்லுறன்: போன வருசம் எவ்வளவு தூரம் வரைக்கும் எடுத்தவை எண்ட கணக்கைக் கவுன்சில் கையேட்டில பாத்து, உங்கட வீடு அதுக்குள்ள தாராளமா வாற ஒரு பள்ளிக்கூடத்தையாவது அஞ்சாவதாவோ ஆறாவதாவோ போடுங்கோ.

சோதனை முடிவை ஒக்டோபர் 31க்கு முதல் பெற்றோருக்குச் சொல்ல நியாயமான முயற்சி எல்லாம் எடுக்கவேணும் எண்டு பள்ளிக்கூடங்களுக்கு விதி இருக்கு. அதால முடிவு வரும்வரை விண்ணப்பத்தை வரிசை போட்டு வச்சிருந்து, பாத்திட்டு மாத்தலாம். ஆனா முதலே ஒருக்கா சமர்ப்பிச்சிடுங்கோ. 31ஆம் திகதி வரைக்கும் திறந்து திருத்தலாம். திருத்தினா திரும்பவும் சமர்ப்பிக்க மறக்காதேங்கோ.

---

க்ராய்டன்வாசி

ரொம்ப நன்றிங்க, இப்பத்தான் தெளிவாச்சு. ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. பொண்ணுக்கு டிஸ்லெக்சியா இருக்கலாம்னு ஸ்கூல்ல சொல்றாங்க, தனியார்ல ரிப்போர்ட் எடுத்தா கூடுதல் நேரம் கிடைக்குமா? அப்புறம், செப்டம்பர் வாக்குல சட்டன் பக்கமே வாடகைக்கு மாறலாம்னு யோசனை. பழைய முகவரில பதியறதா, புதுசுலயா?

---

பதில்: மரகதம்

கூடுதல் நேரத்துக்கான கோரிக்கையைப் பதிவு செய்யும்போதே வைக்க வேண்டும். படிவத்தில் அதற்கென்று ஒரு கேள்வி இருக்கும். "ஆம்" என்று போட்டதோடு வேலை முடியாது. ஆதாரத்தைப் பள்ளி சொல்லும் கடைசித் தேதிக்குள் அனுப்ப வேண்டும். அந்தத் தேதி பதிவு முடியும் நாளாகவே இருப்பது வழக்கம். ஜூலை கடைசியில் ஆரம்பப் பள்ளி விடுமுறைக்கு மூடிவிடும். சென்கோ (பள்ளியில் சிறப்புத் தேவைகளைக் கவனிக்கும் ஆசிரியர்) கையெழுத்து வேண்டுமென்று ஆகஸ்டில் தேடினால் ஆள் இருக்க மாட்டார். ஜூன் மாதத்துக்குள் அவரைப் பார்த்துவிடுங்கள்.

தனியார் ரிப்போர்ட்டை மட்டும் நம்ப வேண்டாம். தேர்வு நடத்தும் பள்ளி பார்ப்பது, பிள்ளை அன்றாடம் வகுப்பில் எப்படி வேலை செய்கிறாள் என்பதை. வகுப்புத் தேர்வுகளில் 25 சதவீதம் கூடுதல் நேரமோ, பெரிய எழுத்தோ, வண்ணத் தாளோ ஏற்கெனவே கொடுத்து வருகிறார்கள் என்று ஆரம்பப் பள்ளி எழுதித் தந்தால் அதற்குத்தான் கனம். வகுப்பில் எந்த ஏற்பாடும் இல்லாமல், நூற்றுக்கணக்கான பவுண்டு கொடுத்து வாங்கிய ரிப்போர்ட் மட்டும் வந்தால் மறுத்துவிடலாம். ஆகவே இப்போதே வகுப்பில் அந்த ஏற்பாட்டைத் தொடங்கச் சொல்லுங்கள். சட்டனுக்கு அனுப்பியதை டிஃபினுக்கும் தனியாக அனுப்ப வேண்டும். ஒரு பள்ளி ஒத்துக்கொண்டது என்பதால் இன்னொன்று ஒத்துக்கொள்ளும் என்றில்லை.

ஈ.எச்.சி.பி. திட்டம் (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்குக் கவுன்சில் எழுதித் தரும் உதவித் திட்டம்) உள்ள பிள்ளை என்றால் பாதையே வேறு. ஈ-அட்மிஷன்ஸ் விண்ணப்பம் கிடையாது. கவுன்சிலின் சிறப்புத் தேவைப் பிரிவு, பள்ளியின் பெயரைத் திட்டத்திலேயே எழுதி பிப்ரவரி 15க்குள் இறுதி செய்யும். ஆனால் தேர்வுக்கான பதிவை அவர்களும் மற்றவர்களைப் போலவே செய்ய வேண்டும்.

வீடு மாறுவது பற்றி. பதியும் நாளில் எங்கே குடியிருக்கிறீர்களோ அந்த முகவரிதான். போகப்போகிற வீட்டின் முகவரியை முன்கூட்டிப் போடாதீர்கள். மாறிய பிறகு தேர்வு எழுதும் ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாகவும், கவுன்சிலுக்கும் தெரிவியுங்கள். ஒருவருக்குச் சொன்னால் மற்றவருக்குத் தானாகப் போய்ச் சேராது. எந்தத் தேதியில் இருக்கும் முகவரியைக் கணக்கில் எடுப்பார்கள் என்பது ஒவ்வொரு பள்ளியின் சேர்க்கை விதியிலும் எழுதியிருக்கும், அந்த ஒரு பத்தியைத் தேடிப் படித்துவிடுங்கள். அக்டோபர் 31க்கு முன்பே சட்டனுக்குக் குடிபோய்விட்டால் விண்ணப்பம் சட்டன் கவுன்சில் வழியாக. க்ராய்டனில் ஏற்கெனவே போட்டதைத் திரும்பப் பெறச் சொல்லி எழுதுங்கள். இரண்டு கவுன்சிலிலும் விண்ணப்பம் நின்றால் இரண்டுமே தடுமாறும்.

வாடகை ஒப்பந்தம், கவுன்சில் டாக்ஸ், குழந்தைப் படி வாங்கினால் அந்தக் கடிதம், இவையெல்லாம் புது முகவரிக்கு மாறியிருக்க வேண்டும். க்ராய்டனில் சொந்த வீட்டை வைத்துக்கொண்டு பள்ளிக்கு அருகில் வாடகை எடுப்பவர்களை, சொந்த வீடே முகவரி என்று பல கவுன்சில்கள் எடுத்துக்கொள்ளும். சித்தப்பா வீட்டு முகவரி, அத்தை வீட்டு முகவரி எல்லாம் வேண்டவே வேண்டாம். பொய் முகவரி என்று தெரிந்தால், கொடுத்த இடத்தையும் திரும்ப எடுக்க விதி இடம் கொடுக்கிறது.

இன்னொரு கட்டத்திலும் பலர் தவறாக டிக் செய்கிறார்கள்: இலவச மதிய உணவு, பியூபில் பிரீமியம் (வசதி குறைந்த பிள்ளைகளுக்காக அரசு பள்ளிக்குத் தரும் கூடுதல் நிதி). பல கிராமர் பள்ளிகளில் இந்தப் பிள்ளைகளுக்கு முன்னுரிமையோ குறைந்த தகுதி மதிப்பெண்ணோ உண்டு. ஆனால் 2023 செப்டம்பர் முதல் லண்டன் அரசு ஆரம்பப் பள்ளிகளில் எல்லாருக்கும் மதிய உணவு இலவசம். அந்தச் சாப்பாடு இந்தக் கணக்கில் வராது. குடும்ப வருமானத்தின் அடிப்படையில் கவுன்சில் தகுதி கொடுத்திருந்தால் டிக் செய்யலாம். ஆரம்பப் பள்ளியைக் கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். தகுதி இருந்தும் எல்லாருக்கும் தருகிறார்களே என்று விண்ணப்பிக்காமல் விட்டவர்கள், இப்போதே விண்ணப்பிப்பது நல்லது.

---

பதில்: காவிரிக்கரை

மரகதம் அக்கா எழுதினதோட ஒரு சின்ன விஷயம். ஆகஸ்ட்ல ஊருக்கு டிக்கெட் போடறவங்க, செப்டம்பர் முதல் வாரத்துக்குள்ள திரும்பற மாதிரி போடுங்க. தேர்வு நடக்கற இடம், வர வேண்டிய நேரம் எல்லாம் கோடைக் கடைசியில மெயில்லதான் வரும். ஊருக்குப் போய் இந்திய சிம் போட்டதும் இந்த ஊர் நம்பருக்கு வர்ற ஓ.டி.பி. கிடைக்காம பதிவுக் கணக்குக்குள்ளயே போக முடியாம நிக்கறவங்க உண்டு. பதிவை ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி முடிச்சிடுங்க.

தேர்வு அன்னிக்குப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னா அனுப்பாதீங்க. காலையிலேயே ஸ்கூலுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லி, ஜி.பி. (குடும்ப டாக்டர்) கடிதமோ மருந்துச் சீட்டோ என்ன கேக்கறாங்களோ கொடுத்தா வேற நாள் தர வாய்ப்பு இருக்கு. காய்ச்சலோட போய் எழுதிட்டு, மார்க் வந்த பிறகு "அன்னிக்கு உடம்பு சரியில்லை"ன்னு சொன்னா பெரும்பாலும் எடுபடாது.

---

பதில்: வடலி

மார்ச் 1க்குப் பிறகு நடக்கிறதையும் எழுதிவிடுறன், அப்ப ஓடித்திரியத் தேவையில்லை. நாலாவது தெரிவு கிடைச்சால், மேல இருக்கிற மூண்டு பள்ளிக்கூடத்தின்ர காத்திருப்புப் பட்டியலிலயும் பேர் நிக்கும் எண்டுதான் லண்டன்ல வழமை, ஆனா தகுதி மதிப்பெண் எடுத்திருந்தால்தான். கிடைச்ச இடத்தை ஏற்றுக்கொண்டால் காத்திருப்புப் பட்டியலில பேர் விழுந்துபோகும் எண்டு பயந்து, பதில் போடாம இருக்கிறவை இருக்கினம். அப்பிடி இல்லை. ஏற்றுக்கொள்ளுங்கோ, பட்டியலிலயும் நில்லுங்கோ. பட்டியல் புள்ளி வரிசையிலயோ தூர வரிசையிலயோதான் நகரும், எப்ப சேர்ந்தனீங்கள் எண்டதுக்கு அங்க மதிப்பில்லை.